காற்றாலை பார்க்கப் போன கதை

"ஐரோப்பா போயிட்டு வந்தீங்களே சார், மலருக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதிக் குடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். பயணக் கட்டுரை என்றால் ஈபிள் கோபுரம், சுவிஸ் பனிமலை, அங்கே சாப்பிட்ட தயிர்சாதம் என்று எழுத வேண்டும். அதையெல்லாம் உடன் வந்த பத்தொன்பது பேரும் செல்போனில் படமெடுத்து ஏற்கெனவே எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது. ஆகவே, பத்து நாள் பயணத்தில் ஒரே ஒரு முற்பகலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஹாலந்து நாட்டில் ஸான் ஆற்றங்கரையில் ஸான்ஸே ஸ்கான்ஸ் என்னும் இடத்தில், பழுது பார்த்து மீட்கப்பட்ட பழைய காற்றாலைகளை நம் சங்கத்தின் மூத்தோர் குழு பார்த்த முற்பகல் அது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. அந்த விவாதம் மும்பை வந்த பின்னும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை. ஆண்டுதோறும் மே மாத இரண்டாவது சனி, ஞாயிறு இரு நாளும் அந்நாட்டில் தேசிய ஆலை நாள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான காற்றாலைகளையும் நீராலைகளையும் ஓடவிட்டு, பொதுமக்களை உள்ளே அழைப்பார்கள். எங்களுக்கு இது தெரியாது. நல்ல நாளாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தது தற்செயல்தான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து அரை மணி நேரப் பயணம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோகோ வாசனை. ஸான் கரையில் கோகோ அரைப்பது நெடுநாளைய தொழில். டீச்சரம்மா (நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை இருபது வருஷமாக நடத்துகிறவர்) மூக்கைச் சுளித்து, "என்ன இது, ஊரே ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

எங்கள் குழுவில் இன்னும் இருவரை அறிமுகம் செய்ய வேண்டும். ஒருவர் அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையில் அவர் அப்பா மாட்டுச் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டியவர். இன்னொருவரை நாங்கள் மில் மாமா என்போம். பரேல் பக்கம் துணி ஆலையில் நெசவுப் பகுதியில் இருந்து, 1982 வேலைநிறுத்தத்தோடு வேலையை இழந்தவர். நானோ இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவன். காற்றாலையை நாங்கள் மூவரும் மூன்று கண்ணால் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

காற்று வேலைக்கு வந்த விதம்

காற்றாலை ஹாலந்துக்காரர் கண்டுபிடித்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. இன்றைய ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள சீஸ்தான் பகுதியில் காற்றால் மாவு அரைத்த செய்தியைப் பத்தாம் நூற்றாண்டு அரபு, பாரசீக எழுத்துகள் சொல்கின்றன. அந்த ஆலையில் அச்சு செங்குத்தாக நிற்கும். ராட்டினம் போலச் சுற்றும். ஈரானின் நஷ்டிஃபான் ஊரில் அவ்வகை மண் ஆலைகள் இன்றும் நிற்கின்றன. ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறு வகை தோன்றியது. அதில் அச்சு படுக்கைவாட்டில் இருக்கும், நான்கு இறக்கைகள் நேருக்கு நேராகக் காற்றை வாங்கும். காற்று திசை மாறினால்? தொடக்கத்தில் ஆலை வீடு முழுவதையும் ஒரு நடுத்தூண் மேல் வைத்துத் திருப்பினார்கள். பிறகு உடம்பு அசையாமல் தலைப்பாகை மட்டும் திரும்பும் வகை வந்தது. ஸான்ஸே ஸ்கான்ஸில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பின்னதுதான்.

ஹாலந்தில் இது பெருகியதற்குக் காரணம் நிலம். நாட்டின் கணிசமான பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே. நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் நிலம். பேம்ஸ்டர் என்ற பெரிய ஏரியைச் சுற்றி வரப்புக் கட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளால் இறைத்து, 1612-இல் வயலாக்கினார்கள். 1999 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். அந்த வேலைக்குப் பணம் போட்ட வணிகர்களில் முதன்மையானவர் டிர்க் வான் ஓஸ். 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏரியை இறைத்த பணமும், பழவேற்காட்டில் வந்து இறங்கிய கம்பெனியின் முதலும் ஒரே வட்டாரத்துப் பைகளிலிருந்து வந்தவை.

மரம் அறுத்த காற்று

ஸான் கரை ஆலைகள் நீர் இறைத்து மட்டும் பெயர் வாங்கியவை அல்ல. இது ஒரு தொழிற்பேட்டை. எண்ணெய், சாயம், காகிதம், கடுகு, மரம், எல்லாவற்றையும் காற்றாலேயே செய்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் உச்சத்தில் இருந்தபோது இந்தச் சின்ன வட்டாரத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே சமயத்தில் சுழன்றன. நீராவிக்கு முன்னால் உலகத்தில் இப்படியொரு தொழில் நெருக்கம் வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு வித்திட்டவர் ஓர் ஆலைக்காரர். ஊட்ஹேஸ்ட் என்ற ஊரைச் சேர்ந்த கார்னெலிஸ் கார்னெலிஸ்ஸோன். காற்றால் மரம் அறுக்கும் பொறிக்கு 1593-இல் காப்புரிமை பெற்றார். அதன் உயிர்நாடி கிராங்க் ஷாஃப்ட். இறக்கை சுற்றுகிறது, ஆனால் ரம்பம் மேலும் கீழும் போக வேண்டும். சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் வளைந்த அச்சு அது. இன்று நம் ஸ்கூட்டரிலும் லாரியிலும் இதே அச்சு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அதற்கு முன் பலகை எப்படி அறுத்தார்கள்? நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். மரத்தை உயரத்தில் ஏற்றி வைத்து, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று இழுப்பது. கீழே நிற்பவர் கண்ணெல்லாம் மரத்தூள். காற்றாலையில் ஒரே சட்டத்தில் பல ரம்பங்களைக் கட்டி ஒரே நேரத்தில் பல பலகை எடுக்கலாம். கையால் நான்கு மாதம் ஆகிற வேலை நாலைந்து நாளில் முடிந்தது என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

ஆம்ஸ்டர்டாமின் மரம் அறுப்போர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்பு இல்லாத ஸான் கரைக்கு ஆலைகள் போயின. கப்பல் கட்டும் தொழிலும் பின்னோடு போனது. 1697-இல் ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் மாறுவேடத்தில் கப்பல் தொழில் கற்க வந்து தங்கியது இந்த ஸான்டாமில்தான். இங்கிலாந்திலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. லண்டன் லைம்ஹவுஸில் கட்டிய காற்று மர ஆலையை 1768-இல் அறுப்புத் தொழிலாளர் கூட்டம் அடித்து நொறுக்கியது.

இதை வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். முன்னேற்றத்தைப் புரிந்துகொள்ளாத ஜனங்கள் என்ற தொனி. மில் மாமா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "மிஷின் நல்லதுதான் சார், யாரு இல்லேன்னா. ஆனா அந்த ரெண்டு பேரு, மேல ஒருத்தன் கீழ ஒருத்தன், அவங்க அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாங்க? அதை யாரும் எழுதி வைக்க மாட்டாங்க" என்றார். அவர் இருந்த பரேல் வட்டாரத்தில் இன்று மில் புகைபோக்கிகளுக்கு நடுவே மால்கள் நிற்கின்றன. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் நம் பேரப்பிள்ளைகள் பீட்ஸா சாப்பிடுகிறார்கள்.

நாங்கள் நின்று பார்த்த மர ஆலையின் பெயர் ஹெட் யாங்கே ஸ்காப், அதாவது 'இளம் ஆடு'. முதலில் 1680-இல் கட்டியது. 1942-இல், உலகப்போர் நடுவில், சிதைந்துபோய் இடிக்கப்பட்டது. ஆனால் இடிபடுவதற்கு முன் ஆன்டன் சிப்மன் என்பவர் அதன் ஒவ்வொரு உறுப்பையும் அளந்து வரைந்து வைத்திருந்தார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு அறுபத்தைந்து வருஷம் கழித்து, 2007-இல், புதிதாகக் கட்டி முடித்து ஓடவிட்டார்கள். இன்று அதில் நிஜமாகவே பலகை அறுத்து விற்கிறார்கள். ஒரு மனிதர் பொறுமையாக அளந்து வைத்த தாள்களுக்கு இவ்வளவு சக்தி!

அண்ணாச்சியும் எண்ணெய் ஆலையும்

அடுத்து 'டி ஸூக்கர்', எண்ணெய் ஆலை. பெயருக்குத் 'தேடுபவன்' என்று பொருள். 1968-இல் வேறிடத்திலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். ரயில் பாதையின் மின்கம்பிகளுக்கு மேலாக ஆலை உடம்பைத் தூக்கிக் கடத்தினார்களாம்.

உள்ளே நுழைந்ததும் ஆளிவிதை எண்ணெயின் வாசம். அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பெரிய கல் சக்கரங்கள் கல் மேடையில் உருண்டு விதையை நசுக்குகின்றன. நசுங்கிய மாவை அடுப்பு மேல் தட்டில் கிளறிச் சூடாக்கி, கம்பளிப் பையில் அள்ளி, மரப்பெட்டியின் இடுக்கில் வைத்து, ஆப்பு செருகுகிறார்கள். மேலிருந்து கனமான உலக்கை அந்த ஆப்பின் தலையில் தொம்... தொம்... என்று விழுகிறது. ஆப்பு இறங்க இறங்கக் கீழே எண்ணெய் சொட்டுகிறது. பையில் மிஞ்சுவது பிண்ணாக்கு. அது மாட்டுக்கு. அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இங்கே வேலை செய்த பலருக்கு வயதாகுமுன்னே காது போய்விடும் என்றார் ஆலைக்காரர்.

அண்ணாச்சி அவரிடம் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். "எங்க அப்பாவுக்கு உலக்கையைச் சுத்தறது மாடு. ஒங்களுக்குக் காத்து. அவ்ளோதான் வே வித்தியாசம்" என்று கையால் சுற்றிக் காட்டினார். அந்த வெள்ளைக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, பிண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். அண்ணாச்சி முகர்ந்து பார்த்து, விரலால் நசுக்கி, "ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி. இன்னொரு தடவை ஆட்டலாம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஆலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, ஆமாம், இரண்டாவது தடவை போடத்தான் போகிறோம் என்றார். ஸான் ஆலைகளில் பிண்ணாக்கை மறுபடி இடித்து மறுபடி பிழிவது பழைய வழக்கம்.

டீச்சரம்மா மட்டும் ஏணிப்படியில் பாதி ஏறி இறங்கிவிட்டார். மேலே பிரதான அச்சு உட்காரும் கல்லுக்குப் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள், மரப்பற்களுக்குத் தேன்மெழுகு தடவுவார்கள் என்று சொன்னதுதான் காரணம். "தேன்மெழுகோட நிறுத்தியிருக்கப்படாதா" என்றார்.

சாயம், சீட்டி, பழவேற்காடு

மூன்றாவதாகப் பார்த்தது 'டி காட்', பூனை. சாயம் அரைக்கும் ஆலை. 17-ஆம் நூற்றாண்டில் எண்ணெய் ஆலையாகப் பிறந்து, 1782-இல் தீயில் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டு, 1904-இல் மேல்பாகம் கழற்றப்பட்டு, மொட்டையாகக் கிடந்தது. 1960-இல் இடிபடவிருந்த இன்னொரு சாய ஆலையின் உடம்பைக் கொண்டுவந்து இதன் மேல் பொருத்தினார்கள். இன்று காற்றின் பலத்தில் ஓவியர்களுக்கும் பழைய ஓவியங்களைச் சீர்ப்படுத்துவோருக்கும் வண்ணப்பொடி அரைத்துத் தருகிறது. தலை ஒன்றுடையது, கால் ஒன்றுடையது. ஆனாலும் உயிர் இருக்கிறது.

சாய ஆலையின் கதையிலும் வேர்வை உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1596-இல் திறந்த ஒரு சிறைச்சாலையில் கைதிகளைக் கொண்டு செஞ்சாயம் தரும் பிரேசில் மரத்தை அரத்தால் ராவிப் பொடியாக்க வைத்தார்கள். சிறைக்கே அதனால் 'ராவும் வீடு' என்று பெயர் வந்தது. மரம் ராவும் ஏகபோக உரிமையையும் நகராட்சி அந்தச் சிறைக்குக் கொடுத்தது. காற்றாலை அதே பொடியை மலிவாகத் தந்தபோது இரண்டுக்கும் போட்டி. மனிதரின் தண்டனையை ஒரு பக்கமும் காற்றை ஒரு பக்கமும் தராசில் வைத்த காலம் அது.

இங்கேதான் நம் கரை வருகிறது. டச்சுக் கம்பெனி 1610-இல் பழவேற்காட்டில் இடம் பெற்று, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். 1690-இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்திருந்தார்கள். எதற்காக வந்தார்கள்? துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் விற்றவர்கள் வெள்ளியைவிட நம் கரைத் துணியை விரும்பி வாங்கினார்கள். சாயவேரில் தோய்த்த சிவப்பும், அவுரியில் தோய்த்த நீலமும் துவைத்தாலும் போகாது. அந்த வண்ணத் துணி ஐரோப்பாவுக்கும் போனது. அதற்கு டச்சு மொழியில் 'சிட்ஸ்' என்று பெயர். நம் பாட்டிமார் சொன்ன சீட்டித் துணியும் அதே சொல்தான், 'சீண்ட்' என்ற இந்திச் சொல்லின் உறவு. ஆலை வாசல் கடையில் ஒரு பூப்போட்ட துணியைத் தொட்டு டீச்சரம்மா, "இது சீட்டிப் பாவாடை மாதிரியே இருக்கே" என்றது வரலாற்றுப்படி முழுச்சரி.

ஆனால் துணி மட்டும் போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருஷங்களில், 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டியபோதும், நம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வாங்கி, பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றியது இந்தக் கம்பெனி. பசியில் பெற்ற பிள்ளையை விற்றவர்கள் உண்டு. அந்தக் கம்பெனி நாட்டின் கப்பல் பலத்தில் வளர்ந்தது. அந்தப் பலம் மலிவான பலகையால் வந்தது. மலிவான பலகை காற்றால் வந்தது. அழகாகச் சுழல்கிறதே என்று நாம் படமெடுத்த இறக்கைகளுக்கு இந்தப் பக்கமும் உண்டு. 2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமரும், 2023 ஜூலை முதல் தேதி அந்நாட்டு மன்னரும் அடிமை வணிகத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். இதை எதற்கு இந்த மகிழ்ச்சியான மலரில் எழுதுகிறேன் என்றால், காற்றாலையைப் பாதுகாப்பவர்கள் அதன் கதையில் பாதியை மட்டும் பாதுகாத்தால் போதாது. நாமும் அப்படியே. சோழர் கடற்படையைச் சொல்லும் வாயால் பஞ்சத்தில் விற்கப்பட்ட பிள்ளையையும் சொல்ல வேண்டும்.

நின்றதும் மீண்டதும்

நீராவி வந்ததும் காற்றாலைக்கு வேலை குறைந்தது. ஹார்லெம் ஏரியை 1849 முதல் 1852 வரை இறைத்து வற்றடித்தது நீராவிப் பம்பு. பின்னால் டீசல், மின்சாரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நாட்டில் பத்தாயிரம் போல இருந்த ஆலைகளில் இன்று மிஞ்சியிருப்பவை ஆயிரத்துச் சொச்சம். விறகுக்கும் பலகைக்குமாக விற்றுத் தீர்த்தார்கள்.

அந்தச் சொச்சம் மிஞ்சியது சங்கங்களால். 1923-இல் 'ஹாலந்து ஆலை' என்ற பெயரில் ஒரு சங்கம், 1925-இல் ஸான் வட்டார ஆலைகளுக்கென்றே ஒரு சங்கம். அரசாங்க உத்தரவால் தொடங்கியவை அல்ல. ஊர்க்காரர்கள் சந்தா கொடுத்து நடத்தினார்கள். 1960-களிலிருந்து பழைய மர வீடுகளையும் ஆலைகளையும் லாரியிலும் படகிலும் கொண்டுவந்து ஸான்ஸே ஸ்கான்ஸில் சேர்த்தார்கள்.

ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றினால் ஆலை பிழைக்காது என்று அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஓடாத ஆலையில் மரப்பல் வறண்டு வெடிக்கும், பூச்சி ஏறும், அச்சு ஒரே பக்கம் பாரம் வாங்கித் தொய்யும். ஓட்டுவதற்கோ பரம்பரை ஆலைக்காரர்கள் செத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே 1972-இல் தன்னார்வ ஆலைக்காரர் கழகம் தொடங்கினார்கள். வங்கிக் குமாஸ்தா, பள்ளி வாத்தியார், நர்ஸ் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் சும்மா விடமாட்டார்கள். பழகிய ஆலைக்காரரோடு நின்று, வெவ்வேறு பருவக் காற்றிலும் குறைந்தது 150 மணி நேரம் கைப்பழக்கம் பெற்று, பரீட்சை எழுத வேண்டும். மேகம் பார்த்துக் காற்று சொல்லவும், பாய் விரிக்கவும் சுருட்டவும், தலையைக் காற்றுக்குத் திருப்பவும், புயல் வருமுன் பிரேக் போடவும் தெரிய வேண்டும். கப்பல் பாயும் ஆலைப் பாயும் நமக்கு ஒரே சொல். அவர்களுக்கும் அப்படித்தான். 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் மரபுகள் பட்டியலில் நெதர்லாந்தின் இந்தக் கைத்திறனைச் சேர்த்தது. பட்டியலில் ஏறியது ஆலை அல்ல, ஆலை ஓட்டுகிற திறமை. இதைக் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கு மர ஆலையைக் காட்டிய பெண்மணி வாரநாளில் கணக்கர். சனிக்கிழமை மட்டும் ஆலைக்காரி. இறக்கைகளுக்கு ஒரு மொழி உண்டு என்று அவர்தான் சொன்னார். நின்றிருக்கும் ஆலையில் மேல் இறக்கை உச்சியைத் தொடுமுன் நின்றால் மகிழ்ச்சி, கல்யாணம், பிள்ளைப்பேறு. உச்சியைக் கடந்து சற்றுத் தள்ளி நின்றால் துக்கம். 2014 ஜூலையில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு நூற்றுக்கணக்கான டச்சுக்காரர் இறந்தபோது நாடெங்கும் ஆலைகள் துக்க நிலையில் நின்றன. வருவது மகிழ்ச்சி, போனது துக்கம். படிக்காதவனுக்கும் புரிகிற இலக்கணம்.

பஸ்ஸில் நடந்த விவாதம்

இனி நம் வீட்டுக் கதை. நாங்கள் பயணம் புறப்படுவதற்கு முந்திய மாதம் நம் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். நூலக அறையை வாடகைக்கு விடலாம், ஐம்பது வருஷப் புத்தகங்களை ஏதாவது கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம், பழைய மலர்களை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று. கணக்குப்படி தப்பில்லை. நூலகத்துக்கு மாதம் நாலைந்து பேர்தான் வருகிறார்கள். தமிழ் வகுப்பில் ஒரு காலத்தில் அறுபது பிள்ளைகள், இப்போது ஒன்பது. நான் அந்த யோசனைக்குக் கை தூக்கினவன். மறைக்கவில்லை.

பஸ்ஸில் டீச்சரம்மா என்னைப் பார்த்து, "சார், அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டீங்களா? ஓடாத ஆலை உளுத்துப்போகும்னா. நீங்க புஸ்தகத்தைக் கண்ணாடிக்குள்ள வைக்கலாம்னு கை தூக்கினீங்களே" என்றார். பஸ் முழுக்கக் கேட்டது.

நான் விடவில்லை. "டீச்சரம்மா, ஆலை ஓட அவங்களுக்குக் காத்து இருக்கு. நமக்குப் பிள்ளைங்க எங்கே? பேரன் வீட்ல ஹிந்தியும் இங்கிலீஷும்தான் பேசறான். தமிழ்ல கேட்டா புரியும், அவ்ளோதான்" என்றேன்.

மில் மாமா குறுக்கிட்டார். "காலம் மாறினா மாறட்டும் சார். எங்க மில்லைத் திரும்பத் தொறக்கச் சொல்லலை. ஆனா தறி எப்படி ஓடுச்சுன்னு கேக்க ஒருத்தனும் எங்கிட்ட வரலை. என்னோட போயிரும். அந்த சிப்மன்னு ஒருத்தர் இருந்தாரே, அவர் மாதிரி நமக்கு யாரு அளந்து எழுதி வச்சிருக்கா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போகையில வள்ளியூர் தாண்டுனதும் ஒரே காத்தாடியா நிக்குமே. முப்பந்தல் வரைக்கும். என் பேரன் அதை எண்ணிக்கிட்டே வருவான். தமிழ்லதான் எண்ணுவான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். நூறு வரைக்கும் வரும்" என்றார்.

அண்ணாச்சி சொன்னது சின்ன விஷயம். ஆனால் எனக்கு உறைத்தது. 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய காற்று மின்சாரம் இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. காற்று பழசாகவில்லை. அதைப் பிடிக்கிற விதம்தான் மாறியது. பேரனுக்குத் தமிழ் வராது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நான் எத்தனை மணி நேரம் அவனோடு உட்கார்ந்தேன் என்று கணக்குப் பார்க்கவில்லை. ஒரு டச்சுக் கணக்கர் ஓர் ஆலைக்காக 150 மணி நேரம் கொடுக்கிறார். நான் வாரத்துக்கு மூன்று மணி கொடுத்தால் ஒரு வருஷத்தில் அது ஆகிவிடும்.

செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது மூன்று வேண்டுகோள். நூலக அறையை ஓராண்டுக்கு மட்டும் விட்டுவையுங்கள். தமிழ் வகுப்பை அந்த அறைக்குள்ளேயே, புத்தகங்களுக்கு நடுவே நடத்த அனுமதியுங்கள். மில் மாமா போன்ற நம் மூத்தோர் சொல்வதைப் பிள்ளைகளே கேட்டு, தமிழில் எழுதட்டும். பரேல் தறி, தாராவித் தோல் பட்டறை, மாட்டுங்காவின் பழைய மெஸ், முதல் முதலாக ரயிலேறி வந்த கதை, எல்லாம். அடுத்த மலரில் இரண்டு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள். ஓராண்டு முடிவில் பயனில்லை என்றால் வாடகைக்கு விடலாம். நானே கை தூக்குவேன்.

தறியைப் பற்றி மில் மாமாவிடம் கேட்டு எழுத இரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வகுப்பில் ஒரு மணி நேரம் நான் எடுக்கிறேன். எனக்குக் கற்பிக்கத் தெரியாது. கற்றுக்கொண்டிருக்கிறேன். பேரனை அழைத்து வருகிறேன். உங்கள் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.